வாயால் ஓடிய இழைப்பு மெஷின்

பலகை இழைக்கிற மெஷினை ஓட்ட ஒருவனுக்கு என்ன வேண்டும்? இரண்டு கை வேண்டும், காது வேண்டும், கொஞ்சம் பயம் வேண்டும். இவ்வளவும் போதாது, மேற்கொண்டு ஒரு சான்றிதழும் வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. எங்கிருந்தாலும் அவன் நன்றாக இருக்கட்டும். அவன் தயவால், தானாக மடியில் விழ இருந்த வேலையை ஒரு வருஷம் விழுந்து விழுந்து படித்துக் கோட்டைவிட்ட ஆளின் கதை இது.

அந்த ஆளுக்கு அடுக்கு என்று பேர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது அவன் பெண்டாட்டிக்கே சட்டென்று ஞாபகம் வராது. கதவு ஜன்னல் செய்கிற பட்டறை ஒன்றில் லாரியிலிருந்து பலகை இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்குவதுதான் அவன் வேலை. அதனால் அந்தப் பேர். முதுகு ஒடிகிற வேலை. ஆனால் அவன் கண் எப்போதும் உள்ளே இருந்த இழைப்பு மெஷின்மேல்தான் இருக்கும். இந்தப் பக்கம் சொரசொரவென்று போகிற பலகை அந்தப் பக்கம் வழவழவென்று வெளியே வருவதைப் பார்த்தால் அவனுக்கு வயிறே நிறைந்துவிடும். என்றைக்காவது ஒருநாள் அந்த மெஷின் முன்னால் தான் நிற்க வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் அவன் வேறு எதையும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை.

ஒருநாள் முதலாளியம்மா அவனைக் கூப்பிட்டாள். காதில் பென்சில் செருகியிருந்தால் நல்ல மனநிலை என்று அர்த்தம். அன்றைக்குச் செருகியிருந்தாள்.

"நம்ம மெஷின்காரர் அடுத்த வருஷம் மக வீட்டோட போறாராம். பேரப்பிள்ளையப் பாத்துக்கணுமாம். அந்த இடம் உனக்குத்தான்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். ஆனா இன்ஷூரன்ஸ்காரன் சான்றிதழ் கேக்கிறான். அது இல்லாதவன் மெஷின்ல கை வெச்சு விரல் போனா, சல்லிக்காசு தர மாட்டானாம்."

"சான்றிதழ் இருந்தா விரல் போகாதாம்மா?"

"போகும். ஆனா முறைப்படி போகும். போய்ப் படிச்சுட்டு வா."

அன்றைக்கு வீட்டில் பேச்சு நடந்தது. அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம். "ஒரு வருஷந்தானே, நான் பாத்துக்கிறேன், போங்க. ஆனா பட்டறையில இருக்கிற இடத்தை விட்டுடக் கூடாது. என் தம்பிய உங்க இடத்துல நிறுத்திட்டுப் போங்க, அவனும் சும்மாதான் சுத்திக்கிட்டிருக்கான்" என்றாள். அப்படியே ஆயிற்று. மச்சான் பலகை அடுக்கப் போனான், அடுக்கு படிக்கப் போனான்.

மர இயந்திரத் திறன் உயர்நிலைப் பயிற்சி நிலையம் என்று அந்த இடத்துக்குப் பேர். வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே நுழைந்ததும் பளபளவென்று ஒரு பலகையில் 'இந்த நிலையத்தில் இதுவரை நடந்த விபத்து: இல்லை' என்று எழுதியிருந்தது. பக்கத்துச் சுவரில் ஓர் ஏணியின் படம். கீழ்ப்படியில் உதவியாளர், அதற்கு மேல் இயக்குபவர், அப்புறம் மூத்த இயக்குபவர், மேற்பார்வையாளர், ஆலோசகர் என்று போய், உச்சிப்படியில் கோட்டுப் போட்ட ஒருவர் எந்த வேலையும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். படத்தில் எந்தப் படியிலும் மரம் இல்லை என்பதை அடுக்கு கவனித்தான். ஏணியே மரம்தானே என்று சமாதானம் செய்துகொண்டான்.

நிலையத்தின் இயக்குநர் அவனை உட்காரச் சொன்னார். அவர் மேஜை அகலமாக, ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிற அளவில் இருந்தது.

"மரம்னா என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"கதவு, ஜன்னல், கட்டில்..."

"இந்தப் பார்வையாலதான் நம்ம ஆளுங்க முன்னேற மாட்டேங்கறாங்க. மரம்னா வாய்ப்பு! நாளைய உலகத்துல மர இயந்திரம் ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் கதவு திறந்திருக்கு."

"கதவு செய்ய ஆள் வேணும்தானே ஐயா" என்றான் அடுக்கு, ஒத்துப்போகிற நினைப்பில்.

இயக்குநர் அதைக் காதில் வாங்கவில்லை. "இங்க வந்து போன ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தருக்காவது நகம் உடைஞ்சதுன்னு சொல்லட்டும் பாப்போம். இந்தச் சாதனை எந்தப் பட்டறைக்கு இருக்கு? படிச்சு முடிச்சவங்க எல்லாருக்கும் வேலை. எல்லாருக்கும்! அதுவும் உக்காந்து பாக்கிற வேலை."

"மெஷின் இருக்குங்களா ஐயா?"

"இருக்குங்களாவா? வாங்க காட்டறேன்."

கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் அறுக்கிறது, இழைக்கிறது, துளை போடுகிறது என்று வரிசையாக மெஷின்கள். எல்லாம் வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. அடுக்குக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "தொட்டுப் பாக்கலாமா ஐயா?" என்றான்.

"தாராளமா. கண்ணாடியத் தொட்டுப் பாருங்க" என்றார் இயக்குநர்.

முதல் ஆறு மாசம் பாடம். மரத்தின் பெருமை, மனிதனும் மரமும், மெஷின் முன் நிற்கும் நிலை, மெஷினைப் பார்த்துச் சிரிக்கும் முறை, வாடிக்கையாளரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கலை எல்லாம் நடந்தன. சிரிப்புக்கு மட்டும் ஒரு மாசம் போயிற்று. ஏன் சிரிக்க வேண்டும் என்று அடுக்கு கேட்டதற்கு, "பதற்றமா இருக்கிறவன்தான் விரலை விடுவான். சிரிக்கிறவன் விட மாட்டான்" என்றார் பயிற்றுநர். பயிற்றுநர் அதே நிலையத்தில் படித்துப் பாஸ் பண்ணி அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். நல்ல மனிதர். அடுக்கு அவரிடம் ஒருநாள் தனியாக, நீங்கள் எந்தப் பட்டறையில் மெஷின் ஓட்டினீர்கள் என்று கேட்டான்.

"நானா? நான் தொட்டதில்லப்பா. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தொட்டதில்ல. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தடவ தொட்டிருக்காருன்னு ஒரு பேச்சு உண்டு. ஆனா அதுக்கு ஆதாரம் கிடையாது" என்றார் அவர், முகத்தில் ஒரு பக்தியோடு.

அடுத்த ஆறு மாசம் செய்முறை. கண்ணாடித் தடுப்பைத் திறந்து உள்ளே விட்டார்கள். அடுக்கு முதல் ஆளாக உள்ளே நுழைந்தான். மெஷின் முன்னால் போய் நின்றான், சிரித்தான், உறையைப் பிரிக்கப் போனான். பயிற்றுநர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணப் பாத்தே! உறையப் பிரிச்சா உத்தரவாதம் போயிடும். வருஷா வருஷம் மேலிடத்துலேருந்து வந்து, வாங்கின மாதிரியே இருக்கான்னு பாப்பாங்க. ஒரு கீறல் இருந்தாலும் என் சம்பளத்துல பிடிச்சுடுவாங்க."

"அப்ப எப்படி சார் ஓட்டறது?"

"வாயால ஓட்டறது" என்றார் பயிற்றுநர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அவர் சொல்லிக்கொடுத்தார். காலை அகட்டி நிற்க வேண்டும். இல்லாத பலகையை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். விசையைத் தட்டுகிற மாதிரி தட்டி, அடிவயிற்றிலிருந்து 'ங்ங்ஙொய்ய்ய்ய்' என்று சத்தத்தைக் கிளப்ப வேண்டும். சத்தம் நிலைக்கு வந்த பிறகுதான் கை நகரலாம். சத்தம் நின்றால் கை நிற்க வேண்டும். வாய் ஓடும்போது கை ஓடணும், வாய் நின்றால் கை நிற்கணும். இதுதான் பாதுகாப்பின் முதல் விதி. அறுக்கிற மெஷினுக்கு வேறு சத்தம், துளை போடுகிறதற்கு வேறு சத்தம். கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பயிற்சி எடுக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று, உள்ளே மும்முரமாக வேலை நடக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு போவார்கள்.

"பலகையாவது நிஜமா ஒண்ணு குடுக்கக் கூடாதா சார்?"

"எழுதிக் கேட்டிருக்கோம். போன தடவ வந்த பலகையில விழா மேடை போட்டாச்சு. அதுக்கு முந்தி வந்ததுல இயக்குநர் ஐயாவுக்கு மேஜை."

"அந்த மேஜைய நம்ம ஆளுங்கதான் செஞ்சாங்களா?"

"சேச்சே. வெளியில குடுத்துச் செஞ்சது. இங்க மரத்த அறுத்தா தூசி வருமே."

வெறுங்கையால் முழம் போடுகிறவனைக் கேலி செய்வார்கள். இங்கே அதற்கு மதிப்பெண் போட்டார்கள். அதிலும் ஒரு தகராறு வந்தது. கூடப் படித்த, எல்லாரும் குட்டை என்று கூப்பிடுகிற ஒருவன் தன் கற்பனைப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பியபோது அது பக்கத்தில் நின்றவன் தலையில் இடித்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் பயிற்றுநர் முகம் வெளிறிவிட்டது. வாசலில் 'விபத்து: இல்லை' என்று எழுதியிருக்கிறதே! இயக்குநர் உடனே விசாரணைக் குழு அமைத்தார்.

குழு ஒரு வாரம் உட்கார்ந்தது. பலகை எவ்வளவு நீளம் என்று குட்டையைக் கேட்டார்கள். அவன் பயந்துபோய், சின்னப் பலகைதான் என்றான். சின்னப் பலகை எப்படி அடுத்தவன் தலைக்கு எட்டும் என்று மடக்கினார்கள். அவன் அழுதேவிட்டான். கடைசியில் குழு ஒரு முடிவுக்கு வந்தது: பலகை கற்பனைதான், ஆனால் அலட்சியம் உண்மையானது, இடித்தது உண்மையானால் விபத்தாகிவிடும் என்பதால், தலை அங்கே இருந்தது கற்பனை. தலைக்குச் சொந்தக்காரனை இனிமேல் அங்கே நிற்காதே என்று எச்சரித்தார்கள். குட்டையை மூன்று வாரம் கற்பனைப் பலகை தொடக் கூடாது என்று தள்ளிவைத்தார்கள். மூன்று வாரமும் அவன் ஓரமாக, நிஜமாகவே கை கட்டி நின்றான்.

அடுக்கு என்ன செய்வான் பாவம், எதிர்த்துக் கேட்டால் சான்றிதழ் போய்விடும். சான்றிதழ் போனால் மெஷின் போய்விடும். ஆகவே உயிரைக் கொடுத்துப் படித்தான். வீட்டுக்கு வந்தும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு 'ங்ங்ஙொய்ய்ய்ய்' என்பான். அடுத்த வீட்டுக்காரர் வந்து, மிக்ஸி ரிப்பேரா, மூடிபோட்டு அரைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஏங்க, இதுக்குத்தான் நான் அங்க ஈரத்துணி பிழியறேனா?" என்றாள் பெண்டாட்டி.

"நீ சும்மா இரு. சுருதி கலைஞ்சா கை நின்னுடும்."

"கை நின்னா பரவாயில்ல. பேச்சு நின்னா போதும்."

இருந்தாலும் அவனுக்கு உள்ளுக்குள் அரித்தது. பரீட்சைக்கு முன்னால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இயக்குநரிடம் போனான். ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம், இழைப்பு மெஷினை ஓட்டிக் காட்டக் கூடாதா என்று கெஞ்சினான். இயக்குநர் கோபப்படவில்லை. அறிவு வளராத பிள்ளையிடம் பேசுகிற தொனியில் பேசினார்.

"ஓட்டலாம் தம்பி. ஓட்டினா என்ன ஆகும்? ஓடும். ஓடினா தேயும். தேஞ்சா ரிப்பேராகும். ரிப்பேரானா அத ஓட்டத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வந்து காட்டணும். அந்த ஆளுக்கு எங்க போறது?"

"அந்த ஆளத்தானே ஐயா நாம உருவாக்கறோம்?"

"யாரு சொன்னா? நாம உருவாக்கறது சான்றிதழ் வெச்சிருக்கிறவங்கள. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அப்புறம் இன்னொண்ணு. இன்னிக்கு ஒரு மெஷின் ஓடிச்சுன்னு வைங்க, நாளைக்கு மத்தது ஏன் ஓடலைன்னு கேப்பாங்க. ஒண்ணும் ஓடாத வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இத நான் உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன்."

பரீட்சைக்கு மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். போன தடவை வந்த பலகையில் போட்ட மேடையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவர் சத்தத்தையும் கேட்டார். அடுக்கின் முறை வந்தது. அவன் பல வருஷம் நிஜ மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பலகை அடுக்கியவன் அல்லவா? சத்தம் ஏறியது, சீராக ஓடியது, நடுவில் ஒரு இடத்தில் 'க்ர்ர்க்' என்று தொண்டை கம்மி மறுபடி தெளிந்தது. அதிகாரி கண்ணைத் திறந்தார்.

"நடுவுல அது என்ன?"

"கணு ஐயா. பலகையில கணு வந்தா மெஷின் திணறும்."

"அடடா! கணு நம்ம பாடத்துல இருக்கா?"

"அடுத்த வருஷம் சேக்கறோம் ஐயா" என்றார் இயக்குநர், துளியும் கூசாமல்.

அடுக்குதான் முதல். தங்க முலாம் பூசிய பதக்கம், சட்டம் போட்ட சான்றிதழ், கைதட்டல் எல்லாம் கிடைத்தன. எல்லாருக்கும் வேலை என்று இயக்குநர் சொன்னதும் பொய்யில்லை. ஒருவனை வருகிற பிள்ளைகளுக்கு ஏணிப் படத்தை விளக்கப் போட்டார்கள். ஒருவனை உறை கிழியாமல் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். குட்டையைப் பாதுகாப்பு அதிகாரியாகப் போட்டார்கள். அடுக்குக்கு ஒலிப் பயிற்றுநர் வேலை, நல்ல சம்பளம், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி.

"வேணாம் ஐயா. எனக்குப் பட்டறையில இடம் இருக்கு. நிஜ மெஷின்" என்றான் அடுக்கு.

"நிஜ மரமா?" இயக்குநர் உண்மையிலேயே கவலைப்பட்டார். "பாத்து தம்பி. தூசி வரும்."

மறுநாள் காலையில் அடுக்கு தலைவாரி, சலவைச் சட்டை போட்டுப் பட்டறைக்குப் போனான். மெஷின்காரர் கிளம்புகிற வாரம் அது. மச்சான் மெஷினின் அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் அங்கே நின்றதில் விதிமீறல் ஒன்றும் இல்லை. பலகையை உள்ளே விடுகிறவனுக்குத்தான் சான்றிதழ் வேண்டும். வெளியே வருவதைப் பிடிக்கிறவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆள் குறைவாக இருந்ததால் மெஷின்காரர் வருஷம் முழுக்க அவனைப் பிடிக்க நிறுத்தியிருந்தார். "வாங்க மாமா!" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றான்.

முதலாளியம்மா காதில் பென்சிலோடு வந்து நின்றாள். "எங்கே, ஒரு பலகை விடு பாப்போம்."

அடுக்கு காலை அகட்டினான். மெஷினைப் பார்த்துச் சிரித்தான். மெஷின்காரர் விசையைத் தட்டினார். மெஷின் ஓட ஆரம்பித்தது. கூடவே அடுக்கும் ஓட ஆரம்பித்தான்: 'ங்ங்ஙொய்ய்ய்ய்!'

மெஷின்காரர் மெஷினைக் குனிந்து பார்த்தார். பிறகு அடுக்கைப் பார்த்தார். ஆனால் கை என்னவோ அழகாகத்தான் போனது. பலகை நேராக உள்ளே நுழைந்தது. சீவல் பறந்தது. பாதிப் பலகையில் ஒரு கணு. மெஷின் திணறி, தொண்டை கம்மி, கொஞ்சம் மெதுவாக விடடா என்று அதன் பாஷையில் கத்தியது. மெஷின் ஓட்டுகிறவன் காதால்தான் ஓட்டுகிறான். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கை தானாகத் தணியும். அடுக்குக்கு எங்கே கேட்டது? அவன் தொண்டையில் ஓடிய பலகையில் கணு இன்னும் வரவில்லை. அதே வேகத்தில் தள்ளினான். மெஷின் பலகையைத் திருப்பி அடித்தது. அது அவன் விலாவை உரசிக்கொண்டு போய், முதலாளியம்மாவின் அறை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

முதலாளியம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டாள்.

"அடப்பாவி! வாய மூடிக்கிட்டு விடுடா!"

அடுக்கு வாயை மூடினான். அடுத்த பலகையை எடுத்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை நகரவில்லை. தள்ளப் பார்த்தான்; தோள் முன்னே போயிற்று, முழங்கைக்குக் கீழே ஏதோ கட்டிப்போட்ட மாதிரி நின்றது. வாயைத் திறந்து சத்தம் கொடுத்தால் கை ஓடியது. மூடினால் நின்றது. விதி அது! அவன் வாயில் மச்சான் துண்டைக் கட்டிப் பார்த்தான். மெதுவாகச் சத்தம் போடச் சொல்லிப் பார்த்தார்கள். கை மெதுவாக நடுங்கியது. முதலாளியம்மா ஒரு வாரம் பொறுத்தாள். அந்த ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு தடவை மெஷின் பலகையைத் திருப்பி அடித்து அவனை விரட்டியது.

"முழிச்சிருக்கும்போது குறட்டை விடற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மெஷின்காரர். வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வாரக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்துதர ஒப்புக்கொண்ட கதவுகள் அப்படியே கிடந்தன. முதலாளியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மச்சானைப் பார்த்து, "டேய், நீ விடு" என்றாள். அவன் விட்டான். பலகை போயிற்று, வந்தது. சான்றிதழுக்கு என்ன செய்வது? அவள் இன்ஷூரன்ஸ்காரனைக் கூப்பிட்டுக் கேட்டாள். பட்டறையில் ஒருத்தருக்குச் சான்றிதழ் இருந்து அது சுவரில் மாட்டியிருந்தால் போதும், பார்க்க வருகிறவர் சுவரைத்தான் பார்ப்பார் என்று அவன் விளக்கினான். அடுக்கின் சான்றிதழை மெஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்கள். ஆணியடித்தது அடுக்குதான். பிறகு லாரி வந்தது. அவன் பலகை இறக்கப் போனான்.

அன்றைக்கு அடுக்கிவைத்த பலகைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் அழுதான். ஓர் ஆள் அழுவதற்கு இதைவிட நியாயமான காரணம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த வேலை, அதற்காகவே படித்து, அதைப் படித்ததாலேயே போயிற்று. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். இங்கே குதிரைக்கு நாம் கட்டணமும் கட்ட வேண்டும்.

வீட்டில் பெண்டாட்டிக்கு ஒரு கண்ணில் தம்பி, ஒரு கண்ணில் புருஷன். "ஊர்ல எல்லாருக்கும் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாது. உங்களுக்கு மட்டும் வாய்க்கு எட்டினது கைக்கு எட்டல" என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரே பயிற்சி நிலையத்துக்குப் போய், இயக்குநரின் மேஜையைத் தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர் கையத் திருப்பிக் குடுங்க."

"கையா?" இயக்குநர் பதறினார். "எங்ககிட்ட விபத்தே கிடையாதேம்மா."

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். இயக்குநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாய் ஓடினாத்தான் கை ஓடுதா? அப்படியே பதிஞ்சிருக்கா? அம்மா, எங்க பயிற்சிக்கு இதவிடப் பெரிய அத்தாட்சி வேணுமா! கவலைய விடுங்க. வாய மூடிக்கிட்டு ஓட்டறதுக்கு மேற்பயிற்சி ஒண்ணு ஆரம்பிக்கிறோம். ஒரு வருஷம். அதுக்குத் தனிச் சான்றிதழ்."

"அந்தப் பயிற்சிய நீங்க முதல்ல எடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள்.

அவர் அசருகிற ஆளா? கொஞ்ச நாளில் படம் பிடிக்கிற ஒருவனைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். நிலையத்தில் படித்து முன்னேறியவர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். தூசி படுகிறது என்று மெஷினை நிறுத்தச் சொன்னார். மச்சானைத் தள்ளி நிற்கச் சொன்னார். லாரியிலிருந்து அடுக்கைக் கூப்பிட்டு, சட்டையைத் தட்டிவிட்டு, மெஷின் பக்கத்தில், சான்றிதழுக்குக் கீழே நிறுத்தினார்.

"சொல்லுங்க தம்பி. பயிற்சிக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"பலகை அடுக்கினேன்."

"பயிற்சிக்கு அப்புறம்?"

"பலகை அடுக்கறேன்."

இயக்குநர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "மொத பதில எழுதிக்க. ரெண்டாவத நாம போய்ப் போட்டுக்கலாம்" என்றார், கூட வந்தவனிடம்.

அடுக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளில் அவர் முன்னால் அவன் குரலை உயர்த்தியதே இல்லை. "ஐயா, ரெண்டு பதிலும் ஒண்ணுதான்! நடுவுல என் வருஷம் ஒண்ணு போச்சே, என் மெஷின் போச்சே, அத எழுதுங்க!" என்று கத்தினான். பட்டறையே திரும்பிப் பார்த்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுக்குப் பக்கம் இல்ல தம்பி" என்று இயக்குநர் அவன் தோளைத் தட்டினார். "படம் பெருசாப் போடறோமில்ல? எங்கே, அந்தச் சத்தத்த ஒரு தடவ போட்டுக்கிட்டே நில்லுங்க. முகத்துல களை வரும்."

அடுக்கு வாயை இறுக்க மூடிக்கொண்டான். இயக்குநர் கெஞ்சினார், முதலாளியம்மா போட்டுத்தான் தொலையேன் என்றாள், படம் பிடிக்கிறவன் கை வலிக்கிறது என்றான். அவன் உதட்டைப் பிரிக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். புத்தகம் வந்தது, முதல் பக்கத்திலேயே அவன் படம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண் சிவந்து நிற்கிறான். கீழே, 'வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பேச்சு வராமல் நிற்கும் எங்கள் மாணவர்' என்று போட்டிருக்கிறார்கள்.